சொல்லாத ஊர்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் மேடம். இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. எங்களுக்காக ஊர்களில் கேள்வி கேட்கப் போன ஜெசிந்தா அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் பஸ் ஸ்டாண்டில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே சொன்னாள், நான் கேட்டேன். அதனால் நான் பார்த்தது எது, கேட்டது எது என்று பிரித்துப் பிரித்துத்தான் சொல்லுவேன். அப்படியே பழகிவிட்டது.

டீ ஆறுகிறது, குடியுங்கள். நாகலிங்கம் சார் வர அரைமணி நேரமாவது ஆகும். பிரின்ஸிபால் ரூமில் உட்கார்ந்துவிட்டால் அவரால் சுலபத்தில் எழுந்து வர முடியாது. நீங்கள் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வருவீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பையைக் கீழே வைக்காதீர்கள், அந்தக் கட்டுகள் மேல் வைத்துக்கொள்ளுங்கள். பரவாயில்லை, காலையில்தான் தூசி தட்டினேன்.

விசாரிக்க வருகிற உங்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று சார் நேற்றே எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார். ‘ஓர் ஊரில் தகவல் சரியாகச் சேகரமாகவில்லை. மழையினால் திரும்பப் போக முடியவில்லை. அதனால் அந்த ஊரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம்.’ இவ்வளவுதான். நானும் ஹாஸ்டல் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் அந்த மாதம் மழை பெய்யவில்லை மேடம். யார் வேண்டுமானாலும் தேடிப் பார்த்துவிடலாம். நாளைக்கு நீங்கள் சென்னைக்குத் திரும்பிப் போய்த் தேடிப் பார்த்துவிட்டால்? எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால் நடந்ததையே சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். சார் நல்லவர். பொய் அவருக்கு வராது. மழையை விட்டால் வேறு எதுவும் அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நான் சுகுணா. புள்ளியியலில் எம்.எஸ்ஸி. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பொண்ணு என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் ‘கம்ப்யூட்டர்ல’ என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவார். கருக்கலைப்புச் சட்டம் மாறியதால் ஜனங்களுக்கு என்ன ஆனது என்று ஆராய்ச்சி செய்கிறோம் என்று ஊரில் சொல்ல முடியுமா? கல்யாணம் ஆகாத பெண் வேறு. அம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் தெரியும். ‘ஏதோ பொம்பளைங்களுக்கு நல்லது’ என்று புரிந்துவைத்திருக்கிறாள். இந்த வேலை நின்றுபோனால் தங்கையின் படிப்பும் நின்றுவிடும். இதை உங்கள் மனம் இரங்குவதற்காகச் சொல்லவில்லை. நான் சொல்வதை எடைபோடும்போது இதையும் நீங்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு சார் அலைந்த கதை உங்களுக்குத் தெரியாது. சட்டம் மாறிய மறு மாதமே எழுத ஆரம்பித்துவிட்டார். சிலருக்கு இருபது வாரமாக இருந்த வரம்பு இருபத்து நாலாகியிருக்கிறது, அது கிராமத்தில் இருக்கிற பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். கேட்டது அவ்வளவுதான். ஓர் இடத்தில் தலைப்பில் அந்த வார்த்தை வேண்டாம், ‘தாய்சேய் நலம்’ என்று போட்டுக் கொண்டுவாருங்கள் என்றார்கள். போட்டுக் கொண்டுபோனார். தாய்சேய் நலத்துக்கு இந்த வருஷம் பணம் முடிந்துவிட்டது என்றார்கள். இன்னொரு இடத்தில் பெரிய ஆள் ஒருத்தர், ‘ஏன் சார், ஒங்களுக்கு வேற சப்ஜெக்டே கெடைக்கலையா? மண்புழு உரம் பண்ணுங்களேன்’ என்றாராம். கடைசியில் உங்கள் அறக்கட்டளைதான் கொடுத்தது. அன்றைக்கு சார் டிபார்ட்மென்ட் முழுக்க ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார்.

ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சார் முதலில் எழுதிய திட்டத்தில் எல்லா ஊர்களிலும் சட்டத்தை எடுத்துச் சொல்வதாகத்தான் இருந்தது. ‘ஒப்பிட்டுப் பார்க்க ஊர்கள் இல்லையென்றால் பணம் இல்லை’ என்று உங்கள் ஆபீஸிலிருந்துதான் வந்தது. அது சரிதான். நானே புள்ளியியல் படித்தவள், எனக்குத் தெரியாதா? பாதி ஊரில் சொல்ல வேண்டும், பாதி ஊரில் சொல்லக்கூடாது. அப்புறம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சொன்னதால் என்ன விளைந்தது என்று தெரியும். எங்கள் ஆட்கள் அதற்குச் சுருக்கமாகப் பேர் வைத்துவிட்டார்கள். சொல்ற ஊர், சொல்லாத ஊர். எந்த ஊர் எதில் வரும் என்பதைக் கம்ப்யூட்டர்தான் குலுக்கிப் போட்டது. பட்டனை அமுக்கியது நான். நாவற்குடி சொல்லாத ஊரில் வந்தது.

சொல்ற ஊர்களில் கூட்டம் போட்டோம், நோட்டீஸ் கொடுத்தோம், ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினோம். சொல்லாத ஊர்களில் கேள்வி மட்டும்தான். கேள்வி கேட்கப் போகிறவர்களுக்கு விடை தெரியக்கூடாது என்று சார் ஏற்பாடு செய்திருந்தார். தெரியாததை யாரும் உளற முடியாது இல்லையா. மீறி யாராவது எதையாவது கேட்டால், ‘எங்களுக்குத் தெரியாதுங்க, டாக்டரைக் கேளுங்க’ என்று சொல்ல வேண்டும். பயிற்சியில் ஒவ்வொருவராக எழுந்து நின்று அதைச் சொல்லிப் பழக வைத்தேன். பாதிப் பேருக்கு அதைச் சொல்லும்போது சிரிப்பு வந்துவிட்டது.

ஜெசிந்தா அக்கா சிரிக்கவில்லை. கையைத் தூக்கினாள்.

“சார், டாக்டரக் கேளுன்னு சொல்லிட்டு நாம அடுத்த கேள்விக்குப் போயிரலாமா?”

“போயிரலாம்மா.”

“கேட்டவ நம்மகூட அடுத்த கேள்விக்கு வரலன்னா?”

எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். நான் அதைக் குறித்து வைத்துக்கொண்டேன், விதியில் ஓட்டை எங்கேயாவது இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. அப்போது எனக்கு ஒன்றும் தென்படவில்லை.

அக்காவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாற்பது வயது இருக்கும். போலியோ சொட்டு மருந்து, காசநோய்க் கணக்கு என்று எந்தக் கணக்கெடுப்பு வந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் இருந்ததே கிடையாது. கலைப்பது பாவம் என்பதில் அவளுக்கு இரண்டு எண்ணம் இல்லை. வேலையில் சேரும்போதே சாரிடம் சொல்லிவிட்டாள். ‘எனக்கு இதுல ஒப்புதல் இல்ல சார். ஆனா கேள்வி கேக்குறதுல பாவம் இல்லையே.’ இந்தச் சட்டம் வேண்டும் என்று நினைக்கிறவள் நான். வேண்டாம் என்று நினைக்கிறவள் அவள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் எனக்கே இது இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

இனிமேல் சொல்வது அக்கா சொன்னது.

நாவற்குடியில் கடைசித் தெரு, ஓட்டு வீடு. நடையில் மாலை போட்ட போட்டோ. அந்தப் பெண்ணின் பேரை நான் சொல்லக்கூடாது. வாசுகி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தாறு வயது. இரண்டு பெண் பிள்ளைகள். புருஷன் லாரிக்குப் போன இடத்தில், ஓசூர்ப் பக்கம் எங்கேயோ விபத்தில் போய்விட்டான். அப்போது இவள் வயிற்றில் மூன்று மாதம். கருமாதி முடிந்தும் வாசல்படி தாண்டக்கூடாது என்று உட்காரவைத்திருந்தார்கள். மாசத்துக்கு ஒரு தரம் வயிறு காட்ட ஆஸ்பத்திரிக்கு மட்டும் மாமியார் கூட்டிக்கொண்டு போய்வருவாராம்.

அக்கா போனபோது மாமியார் முற்றத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன கேக்கப்போற? அவதான் மூலையில கெடக்காளே.”

“எல்லா வீட்டுலயும் கேக்குறதுதான் ஆத்தா. காலேஜுலேருந்து வர்றோம்.”

“கேளு, கேளு. எம் மகன் போயிட்டான்னு எழுதிக்கிறாதே. வர்றான். அவ வயித்துல இருக்கறது யாருங்குறே? அவன்தான். தெசை மாறிப் போனவன், வழி தெரிஞ்சு திரும்பி வர்றான்.”

அக்கா புளியங்கொட்டை ஒன்றை எடுத்துக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே கேள்விகளை ஆரம்பித்திருக்கிறாள். வயது, படிப்பு, பிள்ளைகள். வாசுகி தலை நிமிராமல் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். நடுவில் ஆடு ஒன்று புளியில் வாய்வைக்க, மாமியார் அதைத் துரத்திக்கொண்டு தெருப்பக்கம் போனார். அந்த ஓர் இடைவெளிதான்.

“அக்கா, சட்டம் மாறிருச்சாமே. ஒங்க கேள்வியப் பாத்தா அப்பிடித்தான் தெரியுது. எனக்கு இன்னும் முடியுமாக்கா?”

அக்கா பழகியபடியே சொன்னாள். “எனக்குத் தெரியாதும்மா. டாக்டரக் கேளு.”

“கேட்டுட்டேன்க்கா. போன மாசம் அத்தைக்குத் தெரியாமக் கேட்டேன். இருபதத் தொடப்போகுது, இனிமே முடியாதுன்னுட்டாக. இப்ப இருபதும் தாண்டிருச்சு. ரெண்ட வச்சுக்கிட்டே நான் எப்பிடிப் பொழைக்கிறதுன்னு தெரியல. மில்லுல எடுக்குறேங்குறாக, வயித்தோட வந்தா எடுக்க மாட்டாகளாம். அத்தை நெனைக்கிற மாதிரி அவரே வர்றாருன்னு வச்சுக்கிட்டாலும், வந்து எங்களுக்கு என்னக்கா செய்யப் போறாரு, பச்சப்புள்ளையா?”

டாக்டரைக் கேட்டுவிட்டாள். அதற்கு அடுத்த வரி எங்கள் விதியில் இல்லை மேடம்.

மாமியார் திரும்பி வந்துவிட்டார். அக்கா ‘மிச்சத்த நாளைக்கிக் கேக்குறேன் ஆத்தா’ என்று எழுந்துவிட்டாள். பாதியில் நிறுத்தினால் மறுநாள் போய்த் தொடரலாம், அதற்கு அனுமதி உண்டு. தெருமுனைக்கு வந்து எனக்குப் போன் செய்தாள். இது நானே கேட்டது, பிசகில்லாமல் சொல்ல முடியும்.

“சுகுணா, ஒரே ஒரு கேள்வி. வயித்துல புள்ள இருக்கையில புருஷன் செத்துட்டா, இருபதுக்கு மேல உண்டா இல்லையா?”

“எந்த ஊர்ல இருக்கீங்கக்கா?”

“நாவற்குடி.”

“அது சொல்லாத ஊராச்சே.”

“ஊருக்குச் சொல்ல வேணாம். எனக்குச் சொல்லு.”

“உங்களுக்குச் சொன்னா ஊருக்குச் சொன்ன மாதிரிக்கா. டாக்டரைக் கேட்கச் சொல்லுங்க.”

போனில் ஆடு கத்துவது கேட்டது. அப்புறம் அக்கா, “நீ நல்லா வருவே சுகுணா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

எனக்கு அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது. யாரும் பக்கத்தில் இல்லாதபோதும் விதியை விடாமல் நின்றோமே என்று. பெரியவர்கள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது லேசில்லை.

அக்கா வீட்டுக்குப் போகவில்லை. எதிர்த்திசை பஸ்ஸில் ஏறி ஆலத்திவயல் போயிருக்கிறாள். அது சொல்ற ஊர். ரேஷன் கடைச் சுவரில் எங்கள் நோட்டீஸ் இருந்தது. மண்ணெண்ணெய் வாங்க நின்றவர்களை விலக்கிவிட்டுப் போய் நின்று, எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி விரல் வைத்துப் படித்தாளாம். ஒருத்தர், ‘என்னம்மா, ரேஷன் பொருளுக்கு இன்னிக்கு நம்பர் போட்டிருக்கானா?’ என்று கேட்டாராம். கர்ப்பமாக இருக்கும்போது கணவரை இழந்தவருக்கும் இருபத்து நாலு வரை உண்டு. இரண்டு டாக்டர்கள் பார்த்து ஒப்ப வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கையெழுத்து அந்தப் பெண்ணுடையது மட்டும் போதும். அந்த நோட்டீஸை எழுதியது நான்தான். ‘தெளிவா எழுதியிருந்தே’ என்றாள் அக்கா, பரோட்டாவைத் தின்றுகொண்டே. பாராட்டுகிறாளா குத்துகிறாளா என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் நடந்ததைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். எங்கள் ஆராய்ச்சி கெட்டது அங்கேதான்.

மாமியார் அதே இடம், அதே புளி. வாசுகி அதே மூலை. அக்கா டேப்லெட்டைத் திறந்து விட்ட இடத்திலிருந்து உரக்க வாசித்தாள்.

“கர்ப்பமா இருக்கையில கணவரை இழந்த பெண்ணுக்கு, இருபத்து நாலு வாரம் வரைக்கும் கருக்கலைப்புக்குச் சட்டத்துல இடம் இருக்கு. சரியா, தவறா, தெரியாதா?”

மாமியாரின் கத்தி நின்றது. “என்ன கேள்வி இது, தாலியறுத்தவகிட்ட?”

“எல்லாருக்கும் இதே கேள்விதான் ஆத்தா. எதுத்த வீட்டுல கெழவருகிட்டயும் இதத்தான் கேட்டேன். அவரு என்னய அடிக்க வந்துட்டாரு.”

மாமியாருக்கு அது கொஞ்சம் சிரிப்பாகிவிட்டது. அக்கா வாசுகியைப் பார்த்தாள். “சொல்லும்மா.”

“தெரியாதுக்கா.”

“‘சரி’ன்னு போடுறேன்.”

வாசுகி நிமிர்ந்தாள். “தெரியாதுன்னுதானக்கா சொன்னேன்.”

“காதுல விழுந்துச்சு. ‘சரி’ன்னு போடுறேன். அடுத்தது. இதுக்கு மாமியார் வீட்டு ஆளுக கையெழுத்து வேணும். சரியா, தவறா, தெரியாதா?”

“தெரியாது.”

“‘தவறு’ன்னு போடுறேன். அடுத்தது. இது எங்க செய்வாங்க? பக்கத்து சுகாதார நிலையமா, ஜில்லாவுல இருக்க பெரிய ஆஸ்பத்திரியா, எங்கயும் இல்லையா?”

இந்தத் தடவை வாசுகி அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, “நீங்களே போட்டுக்கங்கக்கா” என்றாளாம்.

“பெரிய ஆஸ்பத்திரி. போட்டுட்டேன்.”

மாமியார் புளியைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார். “அவ தெரியாதுங்குறா, நீயா ஒண்ணு எழுதிக்கிறே. நல்லாருக்கே ஒங்க காலேஜுக் கணக்கு!”

இந்தக் கதையில் அந்த அம்மா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு முழு உடன்பாடு மேடம். தெரியாது என்றால் தெரியாது என்றுதான் எழுத வேண்டும். அதற்குத்தானே அந்தக் கட்டம்?

அதோடு விட்டிருந்தாலாவது ஒரே வீடு. அக்கா அப்படியே ஊர் முழுக்கப் போய்விட்டாள். ‘ஒருத்திக்கு மட்டும் வச்சுட்டு வந்தா பந்தியில ஓரவஞ்சனை பண்ண மாதிரி ஆயிரும்ல’ என்கிறாள். தெருத் தெருவாக, ‘தெரியாதா? சரின்னு போடுறேன்.’ ‘தெரியாதா? தவறுன்னு போடுறேன்.’ ஒரு வாரத்தில் குளத்தங்கரையில் துணி துவைக்கிற பெண்கள் சட்டம் பேசிக்கொண்டிருந்தார்களாம்.

அந்த வாரம்தான் என் திரையில் அது வந்தது. சொல்லாத ஊர்களின் வரிசையில் எல்லாமே தரையோடு தரையாகக் கிடக்க, நாவற்குடி மட்டும் கோபுரம் மாதிரி நின்றது. ஊர் முழுக்க அத்தனை கேள்விக்கும் சரியான விடை. சொல்ற ஊர்களில்கூட அப்படி இல்லை. நாங்கள் கூட்டம் போட்டு, மைக் வைத்து, கேசரி கொடுத்துச் சொன்ன ஊர்களை, சொல்லாத ஊர் ஒன்று தோற்கடித்துவிட்டது.

நான் சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சாருக்கு முதலில் சந்தோஷம் தாங்கவில்லை. “பாத்தியா! தானா பரவியிருக்கு! காத்துல வந்திருக்கு!” என்றார். நான்தான், “காத்துல வந்தா பக்கத்து ஊருக்கும் வந்திருக்கணுமே சார்” என்றேன். அந்தப் போனையும் சொன்னேன். மறைத்திருக்கலாம் என்று ஹாஸ்டலில் ஒருத்தி சொல்கிறாள். எதற்கு மறைக்க வேண்டும்? தப்பாக இருக்கிற தகவலைச் சரியென்று அனுப்பினால் உங்கள் பணத்துக்கு நான் செய்கிற துரோகம் இல்லையா?

சார் அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார். இதே ரூம். அக்கா நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் இருந்தாள்.

“ஏம்மா இப்படிப் பண்ணினீங்க?”

“அந்தப் பொண்ணு கேட்டா சார்.”

“கேட்டா என்ன சொல்லணும்னு சொல்லிக் கொடுத்தோமே.”

“சொன்னேன் சார். அவ அதையும் செஞ்சுட்டு வந்து உக்காந்திருந்தா.”

“உங்களுக்குத்தான் இதுல உடன்பாடே இல்லையேம்மா?”

“இல்லதான் சார். அவகிட்டச் செய்யின்னு நான் சொல்லலையே. கேட்டதுக்கு விடை சொன்னேன். பாவமா இல்லையான்னு அவளும் சாமியும் பேசிக்கட்டும். நடுவுல நான் யாரு, பதில மடியில முடிஞ்சு வச்சுக்கிட்டு உக்கார?”

 சார் அவளை மாசக் கடைசியோடு நின்றுவிடச் சொன்னார். அக்கா தலையாட்டிவிட்டு டேப்லெட்டைத் துடைத்து, சார்ஜரையும் சுற்றி என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

எனக்கு மனசு கேட்காமல் பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். அப்போதுதான் பரோட்டா வாங்கிக்கொடுத்துக் கேட்டேன், அவளும் ஒளிக்காமல் சொன்னாள். பஸ் வந்ததும் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான்தான் சொன்னேன்ல, நீ நல்லா வருவே” என்றாள். இரண்டாவது தடவை. 

நாவற்குடியின் எண்கள் உங்கள் ஆபீஸிலும் கண்ணில் பட்டிருக்கும், இதற்கப்புறம் உங்கள் கடிதம். ஒப்பீட்டு ஊர்களில் கலப்படம் நேர்ந்திருப்பதாகத் தெரிகிறது, ஆகவே இரண்டாம் கட்டப் பணம் நிறுத்திவைக்கப்படுகிறது. அதைச் சரியென்றுதான் நானும் சொல்வேன். ஆனால் மேடம், இரண்டாம் கட்டம் எதற்கு என்று நீங்கள் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். சொல்லாத ஊர்களுக்கு எல்லாம் கடைசியில் சொல்லிவிடுவோம் என்று நாங்கள் எழுதிக் கொடுத்திருந்தோம். அது இரண்டாம் கட்டத்தில்தான் வருகிறது. பணம் வந்தால்தான் சொல்லலாம். அதுவரைக்கும் சொல்லக்கூடாது, ஏனென்றால் ஆராய்ச்சி முடியவில்லை. முடிக்கலாமென்றால் பணம் இல்லை. நான் சாரிடம் கேட்டேன், ‘சார், பணம் வராவிட்டால் அந்த ஊர்கள் எப்போதுமே சொல்லாத ஊர்கள்தானா?’ சார், ‘பாப்போம்மா’ என்றார்.

உங்கள் பை இருக்கிறதே, அந்தக் கட்டுகள்தான் அது. சொல்லாத ஊர்களுக்கு அச்சடித்த நோட்டீஸ். இல்லை இல்லை, எடுக்க வேண்டாம், இருக்கட்டும். கசங்காது. சணல் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறேன்.

எனக்குக் கோபம் யார் மேல் என்றே தெரியவில்லை மேடம். பணம் கொடுக்காமல் அலையவிட்டவர்கள் மேல் கோபம். மழை என்று சொல்லச் சொன்ன சார் மேல் கோபம். ஆனால் எல்லாவற்றையும்விட ஜெசிந்தா அக்கா மேல்தான். ஒரு பெண்ணுக்காக எல்லா ஊர்களையும் விட்டுக்கொடுத்துவிட்டாளே. கொஞ்சம் பொறுத்திருந்தால், ஆராய்ச்சி ஒழுங்காக முடிந்திருந்தால், அறிக்கை மேலே போயிருக்கும், எத்தனையோ வாசுகிகளுக்கு உபயோகமாகியிருக்கும். இதை அவளிடமே சொன்னேன். ‘அதெல்லாம் இருக்கும் சுகுணா. ஆனா அந்தப் பொண்ணுக்கு நாளு போய்க்கிட்டு இருந்துச்சுல்ல’ என்றாள். இதற்கு நான் என்ன வாதம் செய்வது? புள்ளிவிவரம் படித்தவர்களிடம் பேசுகிற மாதிரியா இருக்கிறது?

வாசுகியா? அண்ணன் வந்து, ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனானாம். காலம் கடக்கவில்லையாம். இப்போது மில்லுக்குப் போகிறாளாம். மாமியார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, ஆனால் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுகிறாராம். எல்லாம் அக்கா சொன்னது. நான் சரிபார்க்கவில்லை. சரிபார்க்கவும் கூடாது. அப்படிப் போனவர்கள் பேரை ஆஸ்பத்திரி யாருக்கும் சொல்லக்கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது.

ஆனால் ஒன்றை மட்டும் நான் சரிபார்த்தேன். அதைச் சொல்லிவிட்டால் முடிந்தது.

அக்கா சொன்னதில் எனக்கு ஓர் இடத்தில் மட்டும் சந்தேகம் இருந்தது. அந்தப் பெண் நிஜமாகவே டாக்டரைக் கேட்டாளா? கேட்டிருந்தால் டாக்டர் அப்படிச் சொல்லியிருப்பாரா? சட்டம் மாறி எத்தனை காலம் ஆயிற்று. ஒருவேளை பயத்தில் அரைகுறையாகக் கேட்டிருக்கலாம். ஒருவேளை நர்ஸ் யாராவது சொல்லியிருக்கலாம். ஒருவேளை அக்கா தன் பக்கம் நியாயம் இருக்கட்டும் என்று சேர்த்துச் சொல்லியிருக்கலாம். டாக்டரைக் கேட்டால் சரியான விடை கிடைக்கும் என்று நான் காட்டிவிட்டால், எங்கள் விதியில் தப்பில்லை என்று ஆகிவிடும் அல்லவா. அந்த ஊர் கெட்டது அக்காவால்தான், எங்களால் இல்லை என்று உங்களிடம் தைரியமாகச் சொல்லலாம்.

அதனால் போன வாரம் நானே போனேன். நாவற்குடிக்காரர்கள் போகிற அதே சுகாதார நிலையம். சீட்டுப் போட்டு, வரிசையில் உட்கார்ந்து, என் முறை வந்ததும் உள்ளே போனேன். இளவயசு டாக்டர். தன்மையானவர். எனக்கு முன்னால் போன பாட்டிக்கு மாத்திரையைக் கவரில் சூரியன், நிலா படம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் ஒரே ஒரு பொய்தான் சொன்னேன், எனக்கு அக்கா ஒருத்தி இருக்கிறாள் என்று. மற்றதெல்லாம் வாசுகியின் விஷயத்தை அப்படியே சொன்னேன். மாமா தவறிவிட்டார், வயிற்றில் பிள்ளை, இருபது தாண்டி இரண்டு வாரம், சட்டத்தில் ஏதாவது வழி உண்டா டாக்டர் என்று தெளிவாக, ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். நிஜமாகவே வருத்தப்பட்டார், அது முகத்தில் தெரிந்தது.

“இல்லம்மா. இருபதோட சரி. அதுக்கு மேல சட்டத்துல எடமே இல்ல. மனசத் தேத்திக்கிட்டுப் பெத்துக்கச் சொல்லு.”

விடை எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நோட்டீஸை எழுதியதே நான்தானே. வாய்வரைக்கும் வந்துவிட்டது.

“சரிங்க டாக்டர்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது சொல்லாத ஊர் ஆஸ்பத்திரி மேடம்.